மயிலுக்கு ஈந்த போர்வை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் ஆகாது என்பது நம்மவர் வழக்கு. அது வாங்குபவனுக்குச் சொல்லப்பட்ட புத்தி. கொடுத்தவன், தான் கொடுத்த மாடு எவர் வீட்டுப் பட்டியிற் கட்டப்பட்டது, உழவுக்குப் போயிற்றா கசாப்புக்குப் போயிற்றா என்று பின்தொடர்ந்து கேட்கலாமா என்பது பற்றிப் பழமொழி யாதும் கூறவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவது சிறுமை என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருப்பதனாற் போலும், கொடுத்ததைப் பற்றி வினவுவதும் சிறுமை என்றே நாம் கருதி வந்துள்ளோம். இக்கருத்தினால் நன்மையடைந்தோர் யாவர் என்று ஆராய்ந்தால் அது வேறொரு கதையாகும்.

விலங்குகளுக்கென்று கொடுக்கப்படும் பணத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. மனிதனுக்குக் கொடுத்தாற் பெறவேண்டியவன் ஒருநாள் வாய் திறந்து ‘எனக்கு வந்து சேரவில்லை’ என்று கூறக்கூடும். அநாதை விடுதியில் வளர்ந்த பிள்ளை பெரியவனாகிச் சாட்சி சொல்லலாம். வெள்ள நிவாரணம் கிடையாதவன் கச்சேரி வாசலில் நின்று கூச்சலிடலாம். நாயும் கழுதையும் யானையும் அவ்வாறு செய்யமாட்டா. வாயில்லாச் சீவன்கள் என்று நாம் இரக்கத்தோடு வழங்கும் சொற்றொடர் கணக்கெழுதுவோருக்கு எத்துணை வசதியானது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தமிழிலக்கியம் பயின்ற எவருக்கும் இவ்விடத்திற் பேகன் நினைவுக்கு வருவான். மயிலொன்று குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் அவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைப் போற்றுகின்றோம். வகுப்பறையிலும் அவ்வாறே கற்பிக்கின்றோம். அப்போர்வை பின்னர் என்னவாயிற்று என்று மாணவர் எவரேனும் கேட்டால் நாம் சிரித்து விடுவோம். ஆயின் பரணர் அக்கேள்வியைத் தாமே எழுப்பிக்கொண்டார். மயில் அதனை உடுக்கவோ போர்த்துக்கொள்ளவோ மாட்டாது என்பதை அறிந்திருந்தும் பேகன் கொடுத்தான் என்றே அவர் புறநானூற்றிற் பாடுகின்றார். மயிலுக்கே கொடுத்தவன் வறிய பாணனுக்குக் கொடாது விடுவானோ என்பது அவர் பாட்டின் உட்கிடை. பரிசில் பெற்று வாழ்ந்த புலவருக்கும் அவ்வீகையைப் புகழ்வதில் ஒரு நலன் இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. வள்ளலின் உள்ளம் நிறைந்தது. புலவரின் நம்பிக்கையும் நிறைந்தது. மயில் பனியிலேயே நின்றது.

விலங்கு நலத்துக்கெனப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் நவீன முறை 1824 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்துக் கோப்பிக் கடையொன்றிலே பிறந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1822 இல், ரிச்சட் மார்ட்டின் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியினாற் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்குஞ் சட்டமொன்று நிறைவேறியிருந்தது. சட்டம் இருந்ததேயன்றி அதனைச் செயற்படுத்த ஆள் இருக்கவில்லை. ஆதர் புறூம் என்னும் பாதிரியார், மார்ட்டினையும் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போசையும் பிறரையும் கூட்டிச் சங்கம் அமைத்தார். சிமித்பீல்ட் மாட்டுச் சந்தையைக் கண்காணிப்பதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார். வரவை விடச் செலவு மிகுந்தது. சங்கம் பட்ட கடனுக்காக 1826 இல் அவர் சிறை புகுந்தார். பிறர் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால், சிறைக் கதவைக் காட்டி விடை கூறியிருக்கலாம்!

1840 இல் விக்டோரியா மகாராணி அச்சங்கத்துக்கு ‘றோயல்’ என்னும் அடைமொழியை வழங்கினார். பணமும் பெருமையும் வந்தன. ஆயின் அப்பணத்தைக் கொண்டு வழக்குத் தொடரப்பட்டோர் பெரும்பாலும் வண்டிக்காரரும் மாடு சாய்ப்போரும் சந்தைக் கூலிகளுமே. குதிரையேறி நாய்களை ஏவி நரி வேட்டையாடிய சீமான்கள் மீது கை வைக்கச் சங்கம் துணியவில்லை. இங்கிலாந்தில் அவ்வேட்டை சட்டத்தினால் தடைசெய்யப்படுவதற்கு 2004 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஜோன் ஸ்டூவட் மில்லுக்குச் சங்கத்தின் உபதலைவர் பதவி அளிக்க முன்வந்தபோது, செல்வாக்கற்ற வகுப்பினர் செய்யுங் குற்றங்களை மாத்திரமே அது தண்டிக்க முற்படுகின்றதென்பதைக் காரணங் காட்டி அவர் அதனை ஏற்க மறுத்தார். விலங்குகளிடத்து அன்பில்லாமையால் மில் அவ்வாறு செய்தாரல்லர். நன்கொடை எங்கே போகின்றது என்று கேட்பவர், அது யார்மீது பாய்கின்றது, யாரை விட்டுச் செல்கின்றது என்பதையும் உடன் கேட்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1866 இல் நியூயோர்க்கில் ஹென்றி பேர்க் என்பவர் நிறுவிய விலங்குக் கொடுமைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம் 2007 இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. பாடகி சாரா மக்லாக்லனின் சோகப் பாடல் பின்னணியில் ஒலிக்கும். கூண்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணோடும் புண்பட்ட முகத்தோடும் நாய்களும் பூனைகளும் நம்மை நோக்கும். பாடகி தோன்றி மாதந்தோறும் சிறுதொகை உதவுமாறு வேண்டுவார். இரண்டாண்டுக்குள் அவ்விளம்பரம் ஏறத்தாழ 3 கோடி டொலரை ஈட்டியது. விலங்குச் சங்கமொன்று அதற்கு முன்னர் கண்டறியாத வெற்றி அது.

அவ்விளம்பரத்தைக் கண்டு பணம் அனுப்பியவர் எதனை எண்ணியிருப்பார்? தம் ஊரிலுள்ள நாய்க் காப்பகத்தில், அந்த முகத்தையொத்த ஒரு முகத்துக்கு முன்னால், ஒரு கிண்ணம் உணவு வைக்கப்படும் என்றே எண்ணியிருப்பார். அமெரிக்காவின் நகரங்கள்தோறும் இதே பெயரைச் சிறிது மாற்றிப் பூண்ட உள்ளூர்ச் சங்கங்கள் பல உள்ளன. அவை தனித்தனியானவை, நியூயோர்க்குச் சங்கத்தின் கிளைகள் அல்ல. பெயரொற்றுமையினால் மக்கள் மயங்குகின்றனர் என்று அவற்றுட் சில முறையிட்டன. 2021 இல் சி.பி.எஸ். செய்தி நிறுவனம் கணக்கேடுகளை ஆராய்ந்து வெளியிட்டது: 2008 முதல் இப்பெருஞ் சங்கம் திரட்டிய தொகை 200 கோடி டொலருக்கு மேல், உள்ளூர் விலங்குநல அமைப்புகளுக்கு மானியமாக வழங்கியது 14 கோடி 60 இலட்சம், அதாவது நூற்றுக்கு ஏழு அளவில், நிதி திரட்டுவதற்காகவே செலவிட்டது குறைந்தது 42 கோடி 10 இலட்சம். காப்பகத்துக்குப் போனதைப் போல ஏறத்தாழ மும்மடங்கு, மேலும் பணம் கேட்பதற்குப் போயிற்று.

சங்கத்தின் மறுமொழியையும் கூறுதல் நியாயம். மானியம் வழங்குவது தனது பணிகளுள் ஒன்று மாத்திரமே என்பது அதன் வாதம். நியூயோர்க்கில் அது விலங்கு மருத்துவமனை நடத்துகின்றது. நஞ்சுண்ட விலங்குகளுக்கு ஆலோசனை கூறும் நிலையமொன்றைப் பேணுகின்றது. கொடுமைக்குள்ளான விலங்குகளை மீட்கின்றது. இவை பொய்யல்ல. எனினும், செலவை வகுத்தெழுதும் கலையைச் சிறிது அறிந்தோர் ‘திட்டச் செலவு’ என்னும் தலைப்பைக் கண்டதும் ஒரு கணம் தயங்குவர். அமெரிக்கக் கணக்கியல் முறைப்படி, பணங் கேட்டு அனுப்பப்படும் கடிதமொன்றிற் பொதுமக்களுக்குப் பயன்படும் அறிவுரையும் சேர்ந்திருந்து, குறித்த சில விதிகளுக்கும் அது அமையுமாயின், அச்செலவின் ஒரு பகுதியை ‘மக்கட் கல்வி’ என்று எழுதிக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் நாயை விட்டுச் செல்லாதீர் என்னும் வரி அச்சேறியதும் முத்திரைச் செலவிற் பாதி கல்வியாகிவிடும்! இது சட்டவிரோதமன்று. எந்தவொரு சங்கத்தையும் சுட்டி நாம் இதனைக் கூறவுமில்லை. டொலருக்கு இத்தனை சதம் விலங்குகளுக்கு என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிடப்படும் எண்ணை வேத வாக்காகக் கொள்வோருக்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

சதக் கணக்கில் நின்றுவிடுவோர் காணத் தவறும் இன்னொன்று உண்டு. கேள்வி கேட்பவன் யார் என்பதுதான் அது.

1954 இல் தோன்றிய ஐக்கிய அமெரிக்க மனிதாபிமானச் சங்கம், 2025 இல் தன் பெயரை மாற்றிக்கொள்ளும் வரை, அந்நாட்டின் மிகப் பெரிய விலங்குநல அமைப்புகளுள் ஒன்றாக அப்பெயரில் விளங்கியது. 2010 அளவில் அதற்கெதிராக ஒரு பெரும் பிரசாரம் கிளம்பியது. விளம்பரத்தில் நாயும் பூனையும் காட்டிப் பணம் வாங்குகின்றார்கள். அதில் நூற்றுக்கு ஒன்று அளவே உள்ளூர்க் காப்பகங்களைச் சேர்கின்றது என்பது குற்றச்சாட்டு. பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. கேட்டோர் கொதித்தனர். இத்தகைய நேர்மையோடு ஏழை நாய்களுக்காகப் பரிந்து பேசியவர் யார்? நுகர்வோர் சுதந்திர மையம் என்னும் அமைப்பு. அதனை நடத்தியவர் ரிச்சட் பேர்மன் என்னும் பிரசார நிபுணர். 1990 களில் அவ்வமைப்பு வேறு பெயரில் உருவாகியபோது அதற்கு முதல் ஊட்டியது பிலிப் மொரிஸ் புகையிலைக் கம்பனி. பின்னர் உணவகத் தொழிலும் இறைச்சித் தொழிலும் அதற்குக் கை கொடுத்தன.

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 2008 நவம்பரிற் கலிபோர்ணியா மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பொன்று நடந்தது. முட்டைக் கோழிகளையும் சினைப்பன்றிகளையும் இறைச்சிக் கன்றுகளையும், திரும்பவும் முடியாத, சிறகையோ காலையோ நீட்டவும் முடியாத கூண்டுகளில் அடைத்தலாகாது என்னும் முன்மொழிவு பெருவாரியான வாக்குகளால் வென்றது. அதற்கு முன்னின்று உழைத்துப் பணஞ் செலவிட்டது மேற்படி மனிதாபிமானச் சங்கம். நாய்க் காப்பகத்துக்குப் போகாத பணத்தின் ஒரு பகுதி போன இடம் அதுவே. அமெரிக்காவிற் காப்பகங்களை வந்தடையும் நாய் பூனைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம். இறைச்சிக்காகக் கொல்லப்படும் தரைவாழ் உயிரினங்கள், பெரும்பாலும் கோழிகள், ஆண்டுக்கு 900 கோடிக்கு மேல். ஆயினும் அந்நாட்டு விலங்குநல நன்கொடைகளிற் பெரும்பகுதி காப்பகங்களுக்கே போகின்றது; பண்ணை விலங்குகளுக்காகப் பாடுபடுவோரை அடைவது மிகச் சிறு துளி. கோழிக்கு முகமில்லை. முப்பதினாயிரம் கோழிகள் அடைபட்ட கொட்டிலைப் படம் பிடித்தால் அதில் வெண்மையான ஒரு பரப்பு மாத்திரமே தெரியும். பணம் துன்பத்தைத் தொடர்ந்து செல்வதில்லை. கண்ணைத் தொடர்ந்தே செல்கின்றது.

அவ்வாறாயின் நாய்ப் படத்தைக் காட்டி வாங்கிய பணத்திற் கோழிக்குச் சட்டம் வாங்கியது சரியா? இதனை நாம் எளிதாகத் தாண்டிவிட முடியாது. நமக்கு நெருங்கிய உதாரணமொன்றைக் கொள்வோம். திருவிழாவுக்கென்று உண்டியலிற் சேர்ந்த பணத்தைக் கொண்டு கோயிற் பரிபாலன சபையார், வாணவேடிக்கையை நிறுத்திவிட்டு, ஊர்ப் பாடசாலையிற் கிணறு வெட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முற்போக்குச் சிந்தனையுடைய நாம் கைதட்டுவோம். ஆனால் முருகனுக்கென்று முடிந்து வைத்த காசை அவிழ்த்துப் போட்ட கிழவியிடம் ஒரு சொற் கேட்டார்களா? கேட்டிருந்தால் அவள் மறுத்திருப்பாள் என்பதே நம்முட் பலரது எண்ணம். அங்கேதான் தவறு நுழைகின்றது. அவளுக்கு எடுத்துச் சொல்லலாம், அவள் விளங்கிக்கொள்வாள், விளங்கிய பின்னர் தானே முன்வந்து கொடுப்பாள் என்னும் நம்பிக்கை நம்மிடம் இல்லை. நாய்ப் படத்தைக் காட்டிக் கோழிக்கு உதவுவோரும் பொதுமக்களைப் பற்றி இதே மதிப்பீட்டையே கொண்டிருக்கின்றனர். பணம் நல்வழியிற் போயிருக்கலாம். கொடுத்தவனோ அறியாதவனாகவே விடப்பட்டான். அடுத்த ஆண்டும் அவன் நாய் முகத்தைக் கண்டு பணம் அனுப்புவான். கூண்டுக் கோழியின் முட்டையை வாங்கி உண்பான். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை மன்னித்தல் அரிது. இறைச்சிக் கம்பனிகளின் கூலியாள் கேட்டான் என்பதற்காகக் கேள்வி பொய்யாகிவிடாது. கேள்வி மெய் என்பதற்காக அதனைக் கேட்டவன் நாயின் நண்பனாகிவிடவும் மாட்டான்.

பணம் நல்வழியிலேயே போகும் என்பதற்கும் உறுதியில்லை. 2000 ஆம் ஆண்டில் றிங்லிங் சர்க்கஸ் தனது ஆசிய யானைகளை வதைக்கின்றதென்று நியூயோர்க்குச் சங்கமும் வேறு அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. வழக்கின் முதன்மையான சாட்சி, முன்னர் அந்தச் சர்க்கஸிற் பணியாற்றிய ஒருவர். அவர் விலங்குநல அமைப்புகளிடமிருந்து ஆண்டுக்கணக்காகப் பணம் பெற்றவர் என்பது வெளியாயிற்று. 2009 இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. முதலாளி எதிர்வழக்கிட்டார். 2012 இல் நியூயோர்க்குச் சங்கம் சமரசமாக அவருக்குக் கொடுத்த தொகை 93 இலட்சம் டொலர். யானைக்காக இரங்கிய பணம் யானைமீது அங்குசம் ஓச்சியவனின் பெட்டிக்குப் போன விந்தை இது. 2016 இல் அந்தச் சர்க்கஸ் யானைகளைக் காட்சியிலிருந்து நீக்கியதற்கு, பொதுமக்களின் வெறுப்பும் நகரசபைகள் இயற்றிய விதிகளுமே பெரிதுங் காரணமாயின.

இவற்றையெல்லாம் கூறியபின், பெற்ற பணத்துக்கு ஒளிவுமறைவின்றி வழி கூறிய ஒருவரைப் பற்றியும் பேசவேண்டும். முதலாம் உலகப் போரிற் பாலஸ்தீனத்திலும் எகிப்திலும் பிரித்தானியப் படைக்காக உழைத்த குதிரைகள் பல, போர் முடிந்ததும் தாயகத்துக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. அவற்றைப் படையினர் அங்கேயே விற்றனர். அப்பணம் அரசின் கணக்கிற் சேர்ந்தது. குதிரைகள் கெய்ரோ நகரத்துக் கல்லுடைக்கும் இடங்களிலும் சுமை வண்டிகளிலும் பூட்டப்பட்டன. 1930 இற் படை அதிகாரியொருவரின் மனைவியாகிய டொரதி புறூக் கெய்ரோவுக்கு வந்து, உடலில் அரசு முத்திரை இன்னும் அழியாத அக்கிழட்டு விலங்குகளைக் கண்டார். 1931 இல் இலண்டன் ‘மோர்னிங் போஸ்ற்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பசுமையான புல்வெளியில் இக்குதிரைகள் ஓடித் திரியப் போகின்றன என்று அவர் எழுதவில்லை. அவற்றை விலைக்கு வாங்கி இரக்கத்தோடு முடிவைக் கொடுப்பதற்கே பணம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். மக்கள் கொடுத்தனர். மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகள் வாங்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அவ்வாறே அமைதியாகக் கொல்லப்பட்டன.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. கொலைக்கென்று கேட்டும் பணம் வந்தது. மக்கள் மெய்யைத் தாங்கமாட்டார்கள் என்னும் விளம்பர நிபுணரின் சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு வேறில்லை. ஆயினும் இதிலும் ஒரு கசப்பு உண்டு. குதிரையை விற்றுக் காசாக்கியது அரசு. அந்தக் கணக்கைத் தீர்த்தவர்கள் தத்தம் சில்லறையை அனுப்பிய குடிமக்கள். நன்கொடை என்பது பல வேளைகளிற் பிறர் பட்ட கடனையே அடைக்கின்றது.

டொரதி புறூக் அத்தோடு நின்றிருந்தால் அவரை இரக்கமுள்ள சீமாட்டி என்று குறிப்பிட்டு அப்பாற் சென்றிருப்போம். குதிரைகளின் புதிய எசமானர் கொடியவர் அல்லர், வறியவர் என்பதை அவர் கண்டுகொண்டார். வண்டிக்காரனிடமிருந்து குதிரையை வாங்கிவிட்டால் அவன் அடுத்த நாளே அதைவிட நலிந்த இன்னொன்றைப் பூட்டுவான். பூட்டாவிடில் அவன் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். 1934 இல் அவர் கெய்ரோவில் நிறுவிய மருத்துவமனை, ஏழைகளின் குதிரை கழுதைகளுக்கு இலவசமாகச் சிகிச்சையளித்தது. விலங்கின் முதுகிலுள்ள புண்ணுக்கும் அதன் எசமானனின் வயிற்றுக்குமுள்ள தொடர்பைக் கண்டவர் அவர். இதனைக் காண்பதற்கு அவர் சமதர்ம நூல் எதனையும் படித்திருந்தாரா என்பது நமக்கு முக்கியமன்று.

கழுதை என்றதும் நம் நாட்டு வாசகர்க்கு மன்னார் நினைவுக்கு வரும். அராபிய வணிகர் முற்காலத்திற் கொண்டுவந்தனர் என்று அங்குள்ளோர் கூறும் கழுதைகள், சுமை இழுத்த காலம் போய், இயந்திர வண்டிகள் வந்தபின் உரிமையாளரின்றி நகர வீதிகளிற் திரிகின்றன. இரவில் வாகனங்களில் அடிபடுகின்றன. குப்பையிற் கிடக்கும் பிளாஸ்திக் பைகளைத் தின்கின்றன. அவற்றுக்கெனத் தொண்டு நிறுவனமொன்று அங்கே சிகிச்சை நிலையம் அமைத்தது. பன்னெடுங் காலப் போரில் மனிதரே வைத்தியமின்றி மடிந்த மாவட்டத்திற் கழுதைக்கு மருத்துவமா என்று முகஞ் சுளித்தவர்களை நாம் அறிவோம். உண்மையைக் கூறினால், முதலிற் செய்தியறிந்தபோது நமது முகமும் அவ்வாறே சுளித்தது.

இச்சுளிப்பு இங்கிலாந்திலும் ஒருமுறை பலமாக எழுந்தது. டெவன் மாகாணத்தில் 1969 இல் தொடங்கிய கழுதைச் சரணாலயம் ஒன்று உண்டு. 2008 இல் வெளியான ஆய்வறிக்கையொன்று, 2006 ஆம் ஆண்டில் அச்சரணாலயம் பெற்ற தொகை 2 கோடி பவுண் என்றும், கணவராலும் பிறராலும் வன்முறைக்குள்ளாகும் பெண்களைக் காக்கும் முன்னணி அமைப்புகள் மூன்றின் ஆண்டு வருமானம் கூட்டாக 1 கோடி 70 இலட்சமே என்றும் எடுத்துக்காட்டியது. பத்திரிகைகள் இதனைப் பெரிதாக வெளியிட்டன. அடிபட்ட பெண்ணை விடக் கழுதை மேலா என்று கேட்டனர்.

நம்மவர் இதனை எடுத்துப் பேசும்போது துணைக்கழைப்பது 1848 ஆம் ஆண்டுக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையை. பூர்ஷுவா சமூகத்தின் குறைகளை ஒட்டுப்போட்டு அச்சமூகத்தையே நிலைநிறுத்த முயல்வோரை மார்க்ஸும் ஏங்கெல்ஸும் வரிசைப்படுத்துமிடத்தில், விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தாரும் இடம்பெறுகின்றனர் என்பது மெய்யே. ஆயின் 1917 டிசம்பரிற் பிறெஸ்லோச் சிறைமுற்றத்தில், ருமேனியாவிலிருந்து போர்க் கொள்ளையாகக் கொண்டுவரப்பட்டுப் பாரவண்டியிற் பூட்டப்பட்ட எருமையைப் படைவீரன் அடிப்பதைக் கண்டு கண்ணீர் வடித்து, அதனைத் தோழிக்குக் கடிதமாக எழுதிய ரோசா லக்சம்பேர்க்கை எந்த வரிசையிற் சேர்ப்பது? அவ்வண்டியில் ஏற்றப்பட்டிருந்தவை இரத்தக் கறை படிந்த படைவீரர் உடைகள். எருமையின் தோலிலும் அவ்வுடைகளிலும் ஒரே போரின் இரத்தத்தையே அவர் கண்டார். 1874 இல் நியூயோர்க்கில் வளர்ப்புத் தாயின் கையில் நாள்தோறும் அடியுண்ட சிறுமியொருத்தியைக் காக்க முயன்றவர்கள், போக வேறிடம் அறியாது ஹென்றி பேர்க்கிடமே சென்றனர். அவரும் அவரது சட்டத்தரணியும் உதவ, சிறுமி மீட்கப்பட்டாள். குழந்தைகளை வதையிலிருந்து காக்கும் சங்கம் அதன் பின்னரே அந்நகரிற் தோன்றியது. குதிரைக்காகப் பழகிய கண் குழந்தையையும் கண்டது.

ஆகவே கழுதையையும் பெண்ணையும் தராசிலிட்டு நிறுப்பது பொய்க் கணக்கு என்பது நமது கருத்து. கழுதைக்குக் கொடாது விட்ட பவுண் தானாகவே பெண்கள் காப்பகத்தை நாடிப் போய்விடாது. கழுதைச் சரணாலயத்தின் வருமானத்தில் மிகப்பெரும் பங்கு இறந்தோரின் மரணசாதனங்கள் வழி வருவது. ஆட்சியிலிருந்தோர் தம் கடமையென ஏற்று நடத்தியிருக்கவேண்டிய பெண்கள் காப்பகத்தை முதியோரின் மரணசாதனத்தை நம்பியிருக்க விட்டார்களே, அதனைக் கேட்கவேண்டியவர் யார்? இது மாத்திரமன்று. அம்மரணசாதனங்கள் எல்லாம் மனமுவந்து எழுதப்பட்டவை என்றும் கொள்ளமுடியாது. யோர்க்சயரில் இருபது இலட்சம் பவுணுக்கு மேற் பெறுமதியான பண்ணையொன்றை ஒரு தம்பதியர் மேற்கூறிய றோயல் சங்கத்துக்கு எழுதிவைத்தனர். ஆண்டுக்கணக்காக அப்பண்ணையில் உழைத்த ஒரே மகளுக்கு ஒன்றுமில்லை. அவள் வழக்காடினாள். கணவனின் நெருக்குதலினாலேயே மனைவி கையொப்பமிட்டாள், அவளுக்கோ அச்சங்கத்தின் மேல் வெறுப்பே இருந்தது என்று 2009 இல் நீதிமன்றம் கண்டது. சங்கம் மேன்முறையீடு செய்து அதிலும் தோற்றது. ஒரு பெண்ணின் வாயை அடைத்துப் பெற்ற பொருள், வாயில்லாச் சீவன்களுக்கென்று வழக்காடப்பட்டது.

பேகனிடம் மீண்டும் வருவோம். மயிலுக்குப் போர்வை ஈந்த அதே பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான். இதனை வகுப்பறையில் நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. வள்ளல் பட்டியலுக்கு அது பொருந்தி வராது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் சென்று பாடினர். பரணர் தம் பாட்டின் தொடக்கத்திலேயே மயிலுக்குக் கொடுத்த போர்வையை நினைவூட்டுகின்றார். அதனை இகழவில்லை, மயிலுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்கவுமில்லை. பரிசில் வாழ்க்கையராகிய அவர், தாம் பசியால் வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றச் சுமையும் தமக்கில்லை என்று கூறுகின்றார். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பாயாக. யாம் வேண்டும் பரிசில் அதுவே என்கின்றார்.

பேகன் தேரேறினானா என்பதைப் புறநானூறு கூறவில்லை.